வேங்கடம் கொடுத்த வாக்கு

பட்டு நெய்யும் ஊரிற் பிறந்தவர்களைப் பிறவூரார் தவறாமற் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "உங்கள் வீட்டிலேயே பட்டு நெய்கிறீர்களே! உங்கள் தாயாரிடம் பட்டுப்புடைவை எத்தனை இருக்கும்?" என்பதே அது. ஆரணியிலிருந்தும், அதனை அடுத்த சேவூர், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலிருந்தும் நம் கல்லூரிக்கு வந்து விடுதியில் தங்கிப் பயின்றோர் எல்லாரும் இதனை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். நாமும் கேட்டோம், சிரித்து மழுப்பினோம். நம் தாயாரிடம் இருந்தது ஒரே பட்டு. அதுவும் நம் வீட்டுத் தறியில் நெய்ததன்று. கலியாணத்திற்காகக் கடையிற் கடன் சொல்லி எடுத்தது. தறியில் விளைந்தனவெல்லாம் எண்ணியும் நிறுத்தும் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தன. இதனை அந்நாளில் வெளிப்படச் சொல்ல வெட்கினோம். பிற்காலத்தில் ஒரு திரைப்படத்தைக் கண்டபோது அவ்வெட்கம் நீங்கிற்று. அதனிடத்தில் வேறோர் உணர்ச்சி வந்து அமர்ந்தது. அப்படத்தைப் பற்றியும், அதன் பாத்திரங்கள் நம் உள்ளத்தை ஏன் விடாது பற்றுகின்றன என்பதைப் பற்றியும் ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

படத்தின் பெயர் 'காஞ்சிவரம்'. இதனை இயற்றியவர் பிரியதர்சன். மலையாளத்திலும் இந்தியிலும் நகைச்சுவைப் படங்களால் பெயர் பெற்ற இவர் நெசவாளர் துயரைத் தமிழில் எடுக்கத் துணிந்தது பலர்க்கும் வியப்பாயிருந்தது. 2008ஆம் ஆண்டு கனடா தேசத்து டொராண்டோ நகரின் திரைப்பட விழாவில் முதலிற் காட்டப்பெற்று, 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் சிறந்த படம் என்னும் பெருமை இதற்கும், சிறந்த நடிகர் என்னும் பெருமை கதாநாயகனாக நடித்த பிரகாஷ் ராஜுக்கும் கிடைத்தன. விருது பெற்ற படத்தை மெச்சுதல் எளிது. அதன் வலிமை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுதலே மாணவர்க்குரிய வேலை.

கதையைச் சுருங்கச் சொல்லுவோம். 1948ஆம் ஆண்டு. சிறையிலிருந்து சில நாள் விடுப்புப் பெற்ற வேங்கடம் என்னும் முதியவன் காவலர் துணையுடன், மழை பெய்யும் இரவில் பேருந்து ஏறி ஊர் திரும்புகிறான். வழிநெடுக அவன் நினைவில் எழுவதே கதை. அவன் காஞ்சிபுரத்திற் பெயர் பெற்ற பட்டு நெசவாளன். அன்னம் என்பவளை மணக்கின்றான். மணப்பெண்ணைப் பட்டுடுத்தி அழைத்து வருவேன் என்றிருந்தவனால் அது முடியவில்லை. பெண் குழந்தை பிறக்கிறது. தாமரை என்று பெயர் இடுகின்றனர். பெயரிடும் நாளில் தந்தை குழந்தையின் காதில் ஒரு வாக்குக் கொடுக்கும் வழக்கப்படி, "உன் கலியாணத்திற்குப் பட்டுப்புடைவை உடுத்தி அனுப்புவேன்" என்று சொல்லிவிடுகிறான். கூடியிருந்தோர் திடுக்கிடுகின்றனர். கூலிக்கு நெய்பவன் பட்டெடுப்பதாவது! சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் தங்கையின் கணவனுடைய இடுக்கணைத் தீர்ப்பதில் கரைந்துவிடுகிறது. அதன்பின் அவன் முதலாளியின் நெசவுக்கூடத்திலிருந்து பட்டிழைகளை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவந்து, இரவுகளில் ஊரறியாமல் ஒரு புடைவை நெய்யத் தொடங்குகின்றான். இதற்கிடையே பொதுவுடைமைக் கொள்கையுடைய எழுத்தாளர் ஒருவர் ஊருக்கு வருகிறார். வேங்கடம் அவரால் ஈர்க்கப்பட்டு நெசவாளர்க்குத் தலைவனாகிறான். கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் நடக்கிறது. அந்நிலையில் நண்பன் தன் மகனுக்குத் தாமரையைக் கேட்கிறான். புடைவையோ முடியவில்லை, கூடம் மூடிக்கிடந்தால் இழையும் இல்லை. தலைவனே வேலைநிறுத்தத்தை முறித்து வேலைக்குத் திரும்புகிறான். பின்பு களவு வெளிப்பட்டுச் சிறை செல்லுகிறான். விடுப்பில் வந்து பார்க்கும்போது தாமரை கிணற்றில் விழுந்து கைகால் வழங்காமற் கிடக்கின்றாள். அன்னமோ முன்னமே மறைந்தாள். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. தந்தை மகளுக்கு நஞ்சு கலந்த சோற்றை ஊட்டுகிறான். பின் ஓடிப்போய்த் தறியில் நின்ற அரைகுறைப் பட்டை அறுத்தெடுத்து வந்து பிணத்தின்மேற் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது.

இத்தகைய கதையைக் கேட்டவுடன், "வறுமையின் கொடுமையைக் காட்டும் படம்" என்று சொல்லி முடித்துவிடுவோர் பலர். நாம் அதற்கு உடன்படோம். வறுமையைக் காட்டும் படங்கள் நூறு உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை மறுநாட் காலையில் மறந்துபோகின்றன. வேங்கடம் வறியவனாயிருப்பதனால் மட்டும் நம் நெஞ்சில் நிற்கவில்லை. அவன் ஒரு வாக்குக் கொடுத்தவன். யாரும் அவனைக் கேட்கவில்லை. குழந்தைக்கோ பொருள் தெரியாது. கொடாமலிருந்தால் ஒரு குறையுமில்லை. வலிய வாயைத் திறந்து சொல்லிவிட்டான். பின் நிகழ்வன யாவும் அச்சொல்லிலிருந்தே கிளைக்கின்றன.

இவ்விடத்தில் படத்தினுள்ளே நாம் கண்ட ஒன்றைக் குறித்தாக வேண்டும். இயக்குநர் இதனை எண்ணியே அமைத்தாரோ அல்லரோ, அது நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவதன்று. படத்தில் இருக்கிறது, அவ்வளவே. வேங்கடத்தின் வாழ்க்கை முழுதும் அவன் வாயைச் சுற்றியே நடக்கிறது. குழந்தையின் காதில் வாக்குச் சொன்னது வாய். அவ்வாக்கைக் காக்க இழையைத் திருடிச் சுமந்ததும் அதே வாய். நெசவாளர் கூட்டத்தில் நீதி கேட்டு முழங்கியதும் அதுவே. இழை வாயில் இருக்கும்போது பேச முடியாது; பேசும் வாயில் இழையிருக்க முடியாது. ஒரே மனிதனுக்குள் தலைவனும் கள்வனும் குடியிருப்பதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. மூடிய வாயோடு காவலைக் கடந்து வெளியேறும் ஒரு காட்சி போதும். இறுதியில் அவன் மகளின் வாயிற் சோற்றை ஊட்டும்போது, முதலில் அவள் காதிற் சொன்னது நம் நினைவிற்கு வராமற் போகாது. படத்திற்கு ஆங்கிலத்தில் இட்ட துணைத்தலைப்பு 'பொதுவுடைமையாளன் ஒருவனின் வாக்குமூலம்' என்னும் பொருள்பட அமைந்திருப்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிக்கொள்க.

மிஷன் கல்லூரியிற் பயில்வோர்க்கு இவ்விடத்தில் யெப்தாவின் வரலாறு தோன்றாதிராது. நியாயாதிபதிகளின் ஆகமத்தில் வரும் அவ்வீரன், போரில் வென்று திரும்பினால் தன் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிர்கொண்டு வருவதைக் கடவுளுக்குப் பலியிடுவதாகப் பொருத்தனை செய்தான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு எதிரே வந்தவள் அவனுடைய ஒரே மகள். வாய் திறந்து சொல்லிவிட்ட பின் மாற்றவியலாதென்று அவன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு புலம்புகிறான். இருவரும் சொல்லால் மகளை இழந்த தந்தையர். ஆயினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. யெப்தா தன் வெற்றிக்காகச் சொன்னான். எதிரே வருவது மகள் என்று அறியான். வேங்கடமோ மகளுக்காகவே, மகளிடமே சொன்னான். தன்னலம் கலவாத சொல்லும் இப்படிக் கொல்லுமோ என்பதே நம்மை உறங்கவிடாத கேள்வி.

இனி, பாத்திரங்களுக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கென்று வகுத்தார்: பிறரால் இகழப்படுதல், உற்றாரையோ உடைமையையோ இழத்தல், முன்னிருந்த நிலையிற் கெட்டு வருந்துதல், நுகர்வதற்கு ஒன்றுமில்லாத வறுமை. இந்நான்கும் ஒருவன்மேல் ஒருங்கே வந்து கவிவதைக் காண்பது அரிது. வேங்கடத்தின்மேல் அவை வந்த வரிசையைப் பாருங்கள். வறுமை பிறப்பிலேயே உண்டு. இழவு இடையில் வருகிறது. தலைவனாய் உயர்ந்தவன் சொந்தத் தோழர்களால் துரோகி என்று இகழப்படுகிறான், அது மூன்றாவது. எஞ்சியது அசைவு. பேருந்தில் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் கிழவனை முதலிலேயே காட்டிவிட்டு, பின்னர் அவனது நிமிர்ந்த இளமையைக் காட்டுவதால், அவன் சிரிக்கும் காட்சிகளிலுங்கூட நமக்கு அழுகையே வருகிறது. முடிவை முதலில் தெரிவித்துவிட்டாற் சுவை குன்றும் என்பர். இங்கே குன்றவில்லை, மிகுகிறது.

பிரகாஷ் ராஜ் கன்னட நாட்டவர்; தமிழ்ப் படங்களில் உரத்துப் பேசும் கொடியவனாகவே நாம் மிகுதியும் கண்டு பழகிய நடிகர். இப்படத்தில் அவர் குரலை அடக்கி, உடம்பைப் பேசவிட்டிருக்கிறார். நெடுநாட் குழித்தறியில் உட்கார்ந்தவனின் முதுகுக்கு ஒரு வளைவு உண்டு. கால் மிதிபலகையிலும், கை நாடாவிலும், கண் பாவிலுமாக மூன்று இடத்தில் உயிர் பிரிந்து நிற்பதால் வருவது அது. அவ்வளைவை அவர் எங்கே கற்றாரோ அறியோம். நம் தெருப் பெரியவர் ஒருவர், "இவன் தறியில் உட்கார்ந்தவன்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். விருதுக் குழுவினரின் தீர்ப்பைவிட நாம் இதனைப் பெரிதாக மதிக்கின்றோம்.

அன்னமாக நடித்தவர் ஸ்ரேயா ரெட்டி. 'திமிரு' என்ற படத்தில் (2006) சினமே உருவான பெண்ணாக வந்தவர் இங்கே அடங்கிய மனைவியாக வருகின்றார். கணவன் குழந்தைக்கு வாக்குக் கொடுக்கும்போது இவள் முகத்தில் மகிழ்ச்சியினும் அச்சமே முந்துகிறது. வீட்டுச் செலவின் கணக்கை அறிந்தவள் அவளல்லவா? ஆடவர் சொல்லும் பெருஞ்சொற்களுக்கு விலை கொடுப்பவர் பெண்டிர் என்பதை ஒரு வசனமும் இல்லாமற் காட்டுகிறார். தாமரையின் பாத்திரம் இவற்றினும் மெல்லிதாய் வரையப்பட்டது. சிறிது குறை என்றே நாம் சொல்லுவோம். அவளுக்கென்று ஓர் ஆசை உண்டா, பட்டின்றி மணந்தால் அவள் வருந்துவாளா என்பதைப் படம் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு வழியிற் போயிருக்கும். "எனக்குப் பட்டு வேண்டாம், அப்பா" என்ற ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது. ஒருவேளை அச்சொல் இல்லாமையே வேங்கடத்தின் குருட்டுத்தன்மைக்குச் சான்றாகலாம். ஆயினும் குறை குறைதான்.

நெசவு ஊரார் கண்ணுக்கு வேறு சில குறைகளும் தெரிகின்றன. அவற்றை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. பட்டுப்புடைவை என்பது ஒருவன் தனியே, ஊரறியாமல் நெய்யக்கூடியதா? பட்டிழையை முறுக்கேற்ற வேண்டும். சோப்புநீரில் வேகவைத்துப் பசை போக்க வேண்டும், அதில் எடையில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். சாயம் ஏற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை ஒழுங்குபடுத்திப் பாவு ஆக்க வேண்டும். அப்பாவை விடியற்காலையில் தெருவில் நெடுக நீட்டி, பலர் கூடிப் பிடித்துச் சீர்செய்வது நம் ஊர்களின் பழைய வழக்கம். பின் ஒவ்வோரிழையாகத் தறியிற் பிணைக்க வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடைவையானால், உடலுக்கும் இருபுறத்துக் கரைக்குமாக மூன்று நாடா ஓடும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளித்தர இன்னொருவர், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, வேண்டும். தறியின் ஓசையையோ ஒளிக்கவே முடியாது. ஆரணித் தெருக்களில், எந்த வீட்டுத் தறி ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்பதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லும் கிழவர்கள் இருந்தார்கள். வாய்நிறையக் கொண்டுவந்த இழையால் நள்ளிரவில் ஒருவன் தனியே பட்டு நெய்தான் என்றால் அவர்கள் நகைத்திருப்பர்.

இத்தனையும் அறிந்த நமக்கு அக்காட்சிகள் பொய்யாகத் தோன்றவில்லை. ஏனெனில், காலத்தை நினைத்துப் பாருங்கள். பால்மணம் மாறாத குழந்தை மணப்பருவம் எய்தும் அளவும் அந்தப் புடைவை தறியில் இருக்கிறது. நல்ல நெசவாளன் சில வாரங்களில் நெய்துமுடிக்கும் புடைவைக்கு இங்கே ஓர் இளமை முழுதும் செல்லுகிறது. பெண் வளர வளரத் துணியும் வளர்கிறது, பெண் முந்திவிடுகிறாள். தொழில் நுணுக்கத்திற் பிழைத்தாலும், கூலிக்கு நெய்பவனின் ஆசை எத்தனை மெல்ல நகரும் என்ற உண்மையிற் படம் பிழைக்கவில்லை.

மேலும், வாயில் இழையைக் கொண்டுவருதல் என்பதன் பொருளை எடை கொடுத்து எடை வாங்கும் ஊரார்தாம் நன்கு அறிவர். கர்நாடகத்துப் பட்டையும் சூரத்து ஜரிகையையும் முதலாளி நிறுத்துக் கொடுப்பார். நெய்த துணியை நிறுத்து வாங்குவார். கழிவு போக எடை குறைந்தாற் கூலியிற் பிடிப்பு. இவ்வேற்பாட்டில் நெசவாளன் எப்பொழுதும் பாதிக் கள்வனாகவே எண்ணப்படுகிறான். வெளியே செல்லும்போது உடம்பைத் தடவிப் பார்க்கும் காவற்காரனை வைத்த முதலாளி, திருட்டு நடப்பதற்கு முன்பே அவனைக் கள்வனாக்கிவிட்டார். வேங்கடம் பின்னர்தான் அப்பெயர்க்கு உரியவனானான். களவு சரி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்த இடத்தில் அது தொடங்கிற்று என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லுதல் தகாது.

அந்தத் தீர்ப்புத்தான் நம் மாணவர் மன்றத்திலும் பெரிய பூசலை விளைத்தது. ஒரு சாரார், "வேங்கடம் துரோகி. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கூலியைத் தன் ஒரு மகளின் புடைவைக்கு விற்றான்" என்றனர். மற்றொரு சாரார், "சமூகம் அவனைத் துரோகியாக்கிற்று; அவன் மேற் குற்றமில்லை" என்றனர். இரண்டாவது கூற்று இரக்கமுடையதுபோல் தோன்றும். உண்மையில் அது வேங்கடத்தை இழிவுபடுத்துவது. அவனிடத்தில் ஒரு மனமே இல்லை, காற்றடித்த பக்கம் போனான் என்பதே அதன் பொருள். படம் அவ்வாறு சொல்லவில்லை. கூட்டத்தின் முன் நின்று அவன் வேலைக்குத் திரும்பலாம் என்று பேசும்போது, தான் செய்வது இன்னதென்று தெரிந்தே பேசுகிறான். அதுவரை அவன் சொல்லிய நீதிகள் அனைத்தும் மெய். இப்போது சொல்லுவது பொய். அவனுக்குத் தெரியும், நமக்கும் தெரியும், அவன் தோழர்க்கு மட்டும் தெரியாது. ஆகவே அவன் துரோகிதான். அச்சொல்லை மென்மையாக்க வேண்டுவதில்லை. ஆனால் எதன்பொருட்டுத் துரோகியானானோ அதுவும் பொருளாசையன்று, ஒரு வாக்கு. ஊரார்க்குக் கொடுத்த வாக்கும் குழந்தைக்குக் கொடுத்த வாக்கும் எதிரெதிரே நின்றபோது அவன் முந்தியதைப் பற்றினான். இரண்டும் நல்ல வாக்குகளே என்பதுதான் கொடுமை. நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போரைக் கண்டு நாம் பக்கம் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு நன்மைகள் மோதும்போது எந்தப் பக்கத்தில் நிற்பது? மன்றத்தில் அன்று இரவு பத்து மணிக்கு விடுதிக் காப்பாளர் வந்து விளக்கை அணைக்கும் வரை இதற்கு விடை கிடைக்கவில்லை.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க வெளிநாட்டுப் படம் ஒன்றுண்டு. வேங்கடம் விடுப்பில் ஊர் திரும்புவதாகக் காட்டப்படும் அதே 1948ஆம் ஆண்டில், இத்தாலி தேசத்தில் விட்டோரியோ தெ சீக்கா என்பார் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்பதே அது. யுத்தத்திற்குப் பிந்திய ரோமாபுரியில் வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். முதல் நாளே அது களவு போகிறது. தன் சிறு மகனுடன் நகரெங்கும் தேடி அலைந்து, கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். கதாநாயகனாக நடித்தவர் நடிகரல்லர்; லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்னும் ஆலைத் தொழிலாளி. அங்கேயும் தந்தை, அங்கேயும் களவு, அங்கேயும் பார்த்துநிற்கும் குழந்தை. ஆனால் ரோமாபுரித் தந்தைக்கு ஓர் ஆறுதல் கிடைக்கிறது. சைக்கிளுக்கு உரியவன் மன்னித்துவிடுகிறான். அழுதுகொண்டு நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். அந்தச் சிறு கை வேங்கடத்துக்குக் கிடைக்கவில்லை. அவன் மகளுக்குக் கை வழங்காது. இரு படங்களையும் அடுத்தடுத்து ஒரே வாரத்திற் பார்க்க மாணவர்களை வேண்டிக்கொள்ளுகிறோம். திறனாய்வு நூல்கள் பல கற்றலினும் அது பயன் தரும்.

படத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒளிப்பதிவாளர் திரு பெரும்பாலும் மங்கிய நிறங்களையே கையாண்டிருக்கிறார்; மண்ணும் மழையும் இருளுமாகவே ஊர் தெரிகிறது. நடுவே பட்டு மட்டும் சுடர்விடுகிறது. முதலில் இது நமக்குப் பிடிக்கவில்லை. நெசவாளர் தெரு அப்படி ஓயாமல் அழுதுகொண்டிருப்பதன்று. பாவு நீட்டும் காலையில் அங்கே இருக்கும் கேலியும் பாட்டும் வேறெங்கும் இரா. ஆனால் மறுமுறை பார்த்தபோது, இது வேங்கடத்தின் நினைவில் எழும் ஊர் என்பது பட்டது. அவன் கண்ணுக்கு அந்த ஒரு துணியைத் தவிர வேறொன்றும் நிறமுடையதாக இருந்திராது.

இறுதிக் காட்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நாம் குறிக்க விரும்புவது ஒன்றே. இறந்தார்மேற் பட்டிடுவது அவர்கள் வழக்கம். தன் தந்தை இறந்தபோதும் வேங்கடத்தால் அதைச் செய்ய இயலவில்லை. மணத்திற்கென்று நெய்தது பிணத்திற்கு ஆயிற்று, அதற்கும் போதவில்லை. தலைக்கும் காலுக்குமாக இழுத்து இழுத்துப் பார்க்கும் அவன், கடைசியில் நம்மை நோக்கிச் சிரிக்கிறான். பித்துக்கொண்டவன் சிரிப்பு என்பர். வாக்கை நிறைவேற்றிவிட்டதாக அவன் எண்ணிக்கொண்ட சிரிப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. இரண்டில் எது அதிகக் கொடியது என்பதைப் படிப்போர் முடிவுக்கு விடுகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில் ஆரணியில் உறவினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் இப்படத்தை மீண்டும் பார்த்தோம். கைத்தறிகள் அருகி, விசைத்தறிகளும் வேறு தொழில்களும் புகுந்துவிட்ட தெரு அது. அவ்வீட்டில் இன்னும் ஒரு தறி உண்டு, அன்று ஓடவில்லை. முப்பது பேருக்கு மேற் கூடியிருந்தனர், பெரும்பாலும் வயதானவர்கள். நஞ்சூட்டும் காட்சியிற் பெண்டிர் சிலர் எழுந்து உள்ளே போயினர். படம் முடிந்து விளக்குப் போட்ட பின்பும் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. கொலையைப் பற்றியோ வேலைநிறுத்தத்தைப் பற்றியோ பேச்சு எழும் என்று நாம் காத்திருந்தோம். மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டியார்தாம் முதலில் வாய் திறந்தார்.

"இன்னும் மூணு முழம் இருக்கும்," என்றார்.

"இல்லக்கா, அஞ்சு முழம்," என்றார் எதிரே இருந்த பெரியவர். "கால்மாட்ல பாத்தீங்களா?"

பின்பு இருவரும், கூட இருந்த மற்றவர்களும், அத்தனை முழத்தை நெய்ய எத்தனை இரவு பிடிக்கும், அதற்கு எவ்வளவு ஊடை வேண்டும், எத்தனை நாள் வாயில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கினர். நள்ளிரவு வரை அக்கணக்கு முடியவில்லை.